சிவில் வேலை கேம்பஸுக்கு வராது

வருஷத்தில் இரண்டு சீசனில் எனக்குப் போன் அதிகமாக வரும். கவுன்சிலிங் நடக்கும் ஜூலையில் சொந்தக்காரர்கள் கூப்பிடுவார்கள். "பையனுக்கு நல்ல காலேஜ்ல சிவில் கிடைக்குது தம்பி, எடுக்கலாமா, இல்ல சின்ன காலேஜா இருந்தாலும் பரவாயில்லன்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடலாமா?" அடுத்த சீசன் ஏப்ரல், மே. அப்போது கூப்பிடுவது கடைசி செமஸ்டர் முடித்த பிள்ளைகள். "அண்ணா, உங்க கம்பெனியில ஏதாவது வேக்கன்சி இருக்கா?" முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கேள்வியை ஒரு வருஷம் முன்னாலேயே கேட்க வேண்டிய மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக.

நான் சென்னையில் ஒரு நடுத்தர ஒப்பந்த நிறுவனத்தில் பில்லிங், பிளானிங் பார்க்கிறேன். பில்லிங் என்றால் முடித்த வேலையை அளந்து, அதற்கான பணத்துக்கு பில் போடுவது. முதலில் சைட், அப்புறம் இது. புதிதாக ஆள் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலையும் சில வருஷங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. "சிவிலுக்கு வேலையே இல்லை" என்று ஊரே சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டுமே மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இது போக மேம்பாலம், மழைநீர் வடிகால், குடிநீர்த் திட்டம், தொழிற்சாலை ஷெட், அடுக்குமாடி. உருப்படியாக ஒரு டிராயிங்கைப் பார்த்து வேலை வாங்கத் தெரிந்த ஜூனியர் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம். வேலை கிடைக்காமல் பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். இரண்டும் ஒரே ஊரில், ஒரே மாதத்தில் நடக்கிறது.

ஏன் இப்படி என்றால், எங்கள் துறை ஆள் எடுக்கிற முறையே வேறு. பெரிய ஐடி கம்பெனி அடுத்த வருஷம் இத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, கல்லூரிக்கு வந்து, ஒரே நாளில் ஆன்லைன் தேர்வு வைத்து மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிட்டுப் போய்விடும். கான்ட்ராக்டரால் அது முடியாது. டெண்டர் போட்டு, விலை திறந்து, எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) ஆகி, பேரம் பேசி, வேலை உத்தரவு கைக்கு வரும்வரை அந்த வேலை நமக்குத்தானா என்பதே தெரியாது. உத்தரவு வந்துவிட்டதோ, மறுவாரமே சைட்டில் ஆள் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எந்த புராஜெக்ட் மேனேஜரும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு மெயில் எழுதிக்கொண்டு இருக்க மாட்டார். பழைய சைட்டில் தன்னிடம் வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டு, "உன் ஜூனியர் யாராவது சும்மா இருக்கானா, திங்கக்கிழமை வரச் சொல்லு" என்பார். அவ்வளவுதான் எங்கள் ரெக்ரூட்மென்ட். அழகாக இல்லை, நியாயமாகவும் இல்லை, நடப்பு இதுதான்.

விதிவிலக்கு உண்டு. எல் அண்ட் டி மாதிரி மணப்பாக்கத்தில் பெரிய வளாகம் போட்டு உட்கார்ந்திருக்கிற நிறுவனங்கள் குறிப்பிட்ட கல்லூரிகளுக்குப் போகின்றன. அவர்களுடைய பில்ட் இந்தியா உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. இறுதியாண்டில் தேர்வு எழுதித் தேறினால் சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மையில் எம்.டெக் படிக்க வைத்து வேலையும் கொடுக்கிறார்கள். நல்ல வாய்ப்பு, தகுதி இருக்கிறவர்கள் விடக்கூடாது. ஆனால் கிண்டி, திருச்சி, கோவையைத் தாண்டி, பைபாஸ் ஓரக் கல்லூரிகளில் சிவில் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பேருந்து நிற்பதில்லை. அவர்களுக்கு கேம்பஸில் வருவது பிபிஓ, வங்கி விற்பனைப் பிரிவு, இல்லையென்றால் "எந்த பிராஞ்சாக இருந்தாலும் எடுத்துக்கொள்கிறோம்" என்கிற ஐடி கம்பெனி. கல்லூரி வைக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சியும் அதற்கேற்றபடியே இருக்கும்: ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன், கொஞ்சம் கோடிங். சிவில் பிள்ளைகளும் அதிலேயே உட்கார்ந்து ரயில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அந்தந்தத் துறைக்கேற்ற பாடங்களும் வந்தன, அதை நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன். ஆனாலும் பாடம் ஒரு பாதிதான். யார், எப்போது, எந்த வழியில் ஆள் எடுக்கிறார்கள் என்கிற மீதிப் பாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இன்டர்வியூவில் நான் கேட்பதைச் சொல்கிறேன், அதிலேயே பாதி விஷயம் புரியும். ஒரு தாளில் ஒரு பீம் வரைந்து கொடுப்பேன். 230க்கு 450 மில்லிமீட்டர், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற 8 எம்எம் ரிங், 150 இடைவெளி. "ஒரு ரிங்குக்குக் கம்பி எவ்வளவு நீளம் வெட்டணும்?" அவ்வளவுதான் கேள்வி. முதல் வகுப்பில் தேறியவர்கள், பிரீ-ஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டில் 85 வாங்கியவர்கள் எல்லாம் இந்த இடத்தில் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் மட்டும் தாளைப் பார்த்த உடனே தலையைத் தூக்கி, "சார், கவர் எவ்வளவு?" என்று கேட்பார்கள். கவர் என்பது கம்பிக்கு வெளியே மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம். என்னைப் பொறுத்தவரை இன்டர்வியூ அந்த இடத்தில் முடிந்துவிட்டது. 25 என்று சொன்னால் மீதியை அவர்களே போட்டுவிடுவார்கள்: இரண்டு பக்கமும் கவர் கழித்தால் 180க்கு 400, சுற்றளவு 1160, இரண்டு கொக்கிக்கு 10டி வீதம் (டி என்றால் கம்பியின் விட்டம்) 160 சேர்த்து, மூன்று 90 டிகிரி வளைவுக்கு 2டி வீதமும் இரண்டு 135 டிகிரி வளைவுக்கு 3டி வீதமும் மொத்தம் 96 கழித்தால் 1224 மில்லிமீட்டர். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.395 கிலோ, ஆக ஒரு ரிங் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனால் ஒரு கம்பி ஃபிட்டர் பக்கத்தில் ஒரு வாரமாவது நிற்காதவருக்கு, கவரைக் கழிக்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது என்பது உறைக்காது.

அதனால்தான் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. தெரிந்த பில்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு சர்டிபிகேட் வாங்கி, ஒரு நாள் போய் மஞ்சள் ஹெல்மெட்டோடு நாலு போட்டோ எடுத்து, நெட்டில் இருந்து இருபது பக்கம் ரிப்போர்ட் இறக்கி பைண்ட் பண்ணிக் கொடுத்தால் முடிந்தது. கல்லூரிக்கும் தெரியும், பில்டருக்கும் தெரியும். என்னிடம் வரும் ரெஸ்யூமில் பாதிக்கு மேல் இந்த ரகம். இரண்டு கேள்வியில் வெளுத்துவிடும்.

இன்டர்ன்ஷிப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சைட் முழுக்கச் சுற்றிப் பார்க்காதீர்கள். தூணுக்கு அடியில் வரும் அடித்தளமான ஃபுட்டிங் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மார்க்கிங் போட்டதிலிருந்து, குழி தோண்டி, பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு, மேட் கம்பி கட்டி, தூணுக்கான ஸ்டார்ட்டர் நிறுத்தி, கான்கிரீட் போட்டு, பிரித்து, மண் மூடுகிற வரைக்கும் கூடவே இருங்கள். எத்தனை மூட்டை சிமென்ட் கணக்கு வந்தது, எத்தனை போனது, எத்தனை கொத்தனார், எத்தனை பெரியாள், எத்தனை சித்தாள், ஏன் ஒரு நாள் வேலை நின்றது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஃபுட்டிங்கை முழுசாகப் பார்த்தவரிடம் பேசுவதற்கு எனக்கு ஒரு மணி நேரம் விஷயம் இருக்கும். ஊரில் ஒரு மேஸ்திரியிடம் வீட்டு வேலையில் இதைச் செய்தாலும் கணக்கில் சேரும். பெரிய கம்பெனி பெயர் தேவையில்லை. மேஸ்திரியிடம் கேட்கும்போது "அண்ணே, ஏன் இப்படிப் பண்றீங்க" என்று கேட்டால் சொல்லித் தருவார். "ஐஎஸ் கோடுல இப்படி இல்லையே" என்று முதல் நாளே ஆரம்பித்தால் டீ வாங்கிவர அனுப்பிவிடுவார். கோடில், அதாவது இந்தியத் தர விதிப் புத்தகத்தில், இருப்பதைச் சொல்ல வேண்டிய நேரமும் வரும், அதற்குக் கொஞ்சம் நாள் ஆகட்டும்.

கோடு என்றதும் ஒரு விஷயம். ஐஎஸ் 456, 10262, 1786, 1200 எல்லாம் நாங்கள் படித்தபோது ஜெராக்ஸ் கடையில் மங்கலாகத்தான் கிடைத்தன. இப்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என்பிடிஇஎல் வீடியோக்களும் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டுக்கும் மாணவர் உரிமம் ஆட்டோடெஸ்க்கே சும்மா கொடுக்கிறது. கல்லூரி வாசலில் ஸ்டால் போட்டு "மாஸ்டர் டிப்ளமோ, 100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று அறுபதாயிரம், எழுபதாயிரம் கேட்கிற பயிற்சி மையங்களில் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்த மையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர் இருக்கும் இடம் உண்டு. ஆனால் ஒரே ஆள் ஆறு மாதத்தில் ஆட்டோகேட், ரெவிட், ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ், பிரைமவேரா, ஸ்கெட்ச்அப் என்று ஏழெட்டு சாஃப்ட்வேர் கற்றேன் என்று எழுதிக்கொண்டு வந்தால் எதுவும் கற்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இனி, என்னென்ன வழிகள். எல்லாவற்றையும் சமமாகச் சொல்லப் போவதில்லை, எனக்குத் தெரிந்ததைக் கூடுதலாகச் சொல்கிறேன்.

என் சொந்த வேலையான பில்லிங் பற்றி எந்தக் கல்லூரியிலும் யாரும் பேசுவதில்லை. எஸ்டிமேஷன் என்று ஒரு பேப்பர் இருக்கும், அதில் நாலு சுவர் உள்ள ஒரு கட்டிடத்துக்கு சென்டர் லைன் முறையில் கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த பேப்பரில்தான் துறையின் பணமே இருக்கிறது. ஒரு உதாரணம். சுவர்ப் பூச்சை அளக்கும்போது ஜன்னல், கதவுத் திறப்பை எப்படிக் கழிப்பது? ஐஎஸ் 1200 சொல்வது: அரை சதுர மீட்டர் வரைக்கும் கழிக்கவே வேண்டாம். அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, திறப்பின் உள்விளிம்புப் பூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது 1.2க்கு 1.5 அளவில் 200 ஜன்னல் உள்ள ஒரு விடுதிக் கட்டிடம். ஒரு ஜன்னல் 1.8 சதுர மீட்டர். விவரம் தெரியாத ஜூனியர் இரண்டு பக்கமும் கழித்து பில் போட்டால் 360 சதுர மீட்டர் பூச்சு காணாமல் போய்விடும். சதுர மீட்டருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 1,08,000 ரூபாய். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது வேறு. அதையும் படித்துப் பார்த்துச் சொல்கிறவர்தான் பில்லிங் இன்ஜினியர். ஒரு வரியைச் சரியாகப் படித்து லட்ச ரூபாய் காப்பாற்றிக் கொடுக்கிற ஆளை முதலாளி சுலபத்தில் வெளியே விட மாட்டார். வளைகுடாவில் குவான்டிட்டி சர்வேயர் என்று கூப்பிடுவதும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும், எதிர்த்தரப்பு இன்ஜினியரோடு எம் புக்கை (அளவுப் புத்தகம்) நடுவில் வைத்துக்கொண்டு குரல் உயர்த்தாமல் சண்டை போடத் தெரிய வேண்டும்.

ஆனால் நேராக பில்லிங்குக்கு வராதீர்கள். குறைந்தது இரண்டு வருஷம் சைட்டில் நின்றுவிட்டு வந்தால்தான் பில்லில் இருக்கும் எண் எந்தச் சுவர் என்று கண்ணுக்குத் தெரியும். இதே கதைதான் டிசைனுக்கும். டிசைன் ஆசை இருக்கிறவர்கள் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்து ஒரு நல்ல கன்சல்டன்ட்டிடம் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்து கற்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. ஈடேப்ஸ் சாஃப்ட்வேரில் பட்டனை அழுத்தினால் 'சரி' என்று பச்சையாக வரும். அது நிற்குமா என்பது வேறு கேள்வி. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தபோது இப்போது படிக்கும் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார்கள். டிசைனில் கையெழுத்துப் போடும் உரிமை அனுபவம் சேர்ந்த பிறகே கிடைப்பது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் முதல் ஐந்து இடத்தில் மூன்று பெண்கள் இருப்பார்கள், சைட்டில் வந்து பார்த்தால் ஒருவர் இருப்பார். "சைட்டெல்லாம் உனக்கு எதுக்கும்மா, ஆபீஸ்ல டிராயிங் பார்த்துக்கோ" என்று வீட்டில் ஆரம்பித்து எச்ஆர் வரைக்கும் அன்பாகத் தள்ளிவிடுகிறார்கள். உண்மையான பிரச்சினை கழிவறை, தங்குமிடம், இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழி. இதைச் செய்துதர வேண்டியது நிறுவனம். இன்டர்வியூவிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள், மழுப்பினால் அந்த இடம் வேண்டாம். எங்கள் சைட் ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்த ஒரு ஜூனியர் பெண், ஒரு மதியம் ஆர்எம்சி (பிளான்ட்டில் கலந்து வரும் கான்கிரீட்) வண்டியை நிறுத்தி வைத்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வண்டி டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்து, கான்கிரீட் இறுகிப் போயிருந்தது. "மேடம், பம்ப் இழுக்காது, கொஞ்சம் தண்ணி விட்டுக்கலாம்" என்று டிரைவர் பைப்பைக் கையில் எடுத்துவிட்டார். மேலே தளத்தில் முப்பது பேர் காத்திருக்கிறார்கள், எங்கள் மேனேஜரே "விடும்மா, கொஞ்சம்தானே" என்கிற முகத்தோடு நிற்கிறார். அந்தப் பெண் சிலிப்பை வாங்கி பிளான்ட்டில் ஏற்றிய நேரத்தைப் பார்த்தார், ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார், ஆர்எம்சி ஆளைப் போனில் பிடித்து இளக்கத்துக்குச் சேர்க்கும் அட்மிக்சர் அளவு கேட்டு எழுதி வாங்கினார், அதைச் சேர்த்துச் சுற்றவிட்டு மறுபடி ஸ்லம்ப் எடுத்து, பலம் சோதிக்கும் கியூப் போட்ட பிறகுதான் வண்டியைப் பம்புக்கு விட்டார். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை, விட்டால் கான்கிரீட்டின் பலம் குறைந்துவிடும். அன்றைக்குப் பிறகு அந்தச் சைட்டில் அவரிடம் யாரும் "ஆபீஸ்ல உட்காருங்க" என்று சொல்லவில்லை. இப்போது ஒரு பெரிய திட்டத்தில் அவர் தரக்கட்டுப்பாட்டுக்கு முழுப் பொறுப்பு.

பிம் (கட்டிடத்தைக் கணினியில் மாடலாக எழுப்புவது), டீட்டெய்லிங் (ஒவ்வொரு பாகத்துக்கும் விவரமான வரைபடம் போடுவது) பக்கம் சென்னையிலும் கோவையிலும் நிறைய அலுவலகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் எழும்பும் கட்டிடத்துக்கு இங்கே உட்கார்ந்து ஸ்டீல் டீட்டெய்லிங், கம்பி டீட்டெய்லிங் போடுவார்கள். ஏசி ரூம், மாதச் சம்பளம் தேதி தவறாமல் வரும், அடி அங்குலக் கணக்கு பழக வேண்டும், டெட்லைன் வந்தால் இரவெல்லாம் வேலை. வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல இடம். மாடலை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சில வருஷங்களில் தேக்கம் வரும், செக்கர், கோஆர்டினேட்டர் என்று மேலே போகப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு அங்கே பழக்கமில்லை.

அரசு வேலை. இதைப் பற்றிப் பேசினால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு, இருந்தாலும் சொல்கிறேன். பொதுப்பணித் துறை, 2021இல் அதிலிருந்து தனியாகப் பிரிந்த நீர்வளத் துறை, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி என்று உதவிப் பொறியாளர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்துவிட்டுத் தமிழை அலட்சியப்படுத்தி அதிலேயே போனவர்களை எனக்குத் தெரியும். மத்திய அரசில் எஸ்எஸ்சி ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்), ரயில்வே ஜேஇ, அதற்கு மேல் யுபிஎஸ்சி நடத்தும் இஎஸ்இ என்கிற பொறியியல் பணித் தேர்வு. எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதினால் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், சில பொதுத்துறை நிறுவனங்கள் அதை வைத்து ஆள் எடுக்கின்றன, எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அடிப்படைப் பாடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் கேட்டுக்கு ஒழுங்காகப் படித்தவர் மற்றதில் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

என் மனத்தாங்கல் படிப்பைப் பற்றி இல்லை, காத்திருப்பதைப் பற்றித்தான். அறிவிப்பு எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் முடிவு எப்போது என்று தெரியாது. இருபத்திரண்டு வயதில் லைப்ரரியில் உட்கார்ந்த பிள்ளை, இருபத்தேழில் எழுந்து வந்து என் எதிரே உட்காரும்போது ரெஸ்யூமில் ஐந்து வருஷம் வெற்றிடமாக இருக்கிறது. அறிவு இருக்கும், பாடத்தில் என்னைவிடக் கெட்டி. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டியது ஃபிரெஷர் சம்பளம், கூட நிற்கப் போவது அவரைவிட ஐந்து வயது சின்னவர்கள். அந்த மனவேதனை கண்ணில் தெரியும். என் யோசனை: வேலையில் சேர்ந்துகொண்டு படியுங்கள். சைட்டில் முடியாது என்றால் எட்டு மணி நேர அலுவலக வேலை ஏதாவது பிடியுங்கள். முழுநேரமாகத்தான் படிப்பேன் என்றால் எந்த மாதம் எழுந்துவிடுவேன் என்று தொடங்கும் அன்றே அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் பலருக்குத் தெரியாத ஒரு வழி அப்ரன்டிஸ். 1961 ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் மூலம் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் ஒரு வருஷத்துக்கு உதவித்தொகையோடு எடுக்கிறார்கள். அரசுத் துறைகளும் எடுக்கும். உதவித்தொகை பெரிதாக இருக்காது, வேலை நிரந்தரமும் ஆகாது. ஆனால் ஒரு டிவிஷன் அலுவலகத்தில் எஸ்டிமேட் எப்படிப் போகிறது, எம் புக் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு வருஷம் உள்ளே இருந்து பார்த்தவருக்கு வெளியே எந்தக் கான்ட்ராக்டரும் நாற்காலி போடுவார்.

வளைகுடா போகிறவர்களுக்குச் சுருக்கமாக: மூன்று நாலு வருஷ அனுபவத்துக்கு முன்னால் போகாதீர்கள், ஃபிரெஷராகப் போனால் ஃபோர்மேன் வேலையில் மாட்டிக்கொள்வீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கச் சட்டம் அனுமதிப்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டிகிரி அட்டெஸ்டேஷனை விசா வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், அது இழுக்கும்.

சம்பளம் பற்றிப் பேசாமல் முடித்தால் அப்பாக்கள் விடமாட்டார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான். சின்ன பில்டரிடம் 15,000, 18,000 என்று ஆரம்பிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதே வகுப்பில் படித்து ஐடிக்குப் போன நண்பன் அதைப் போல இரண்டு மடங்கு வாங்குவான். வெளியூர் சைட் என்றால் ரூமும் சாப்பாடும் கம்பெனி தரும், அதைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். நாலைந்து வருஷத்தில் தனியாக ஒரு பகுதியைக் கையில் எடுத்து நடத்தத் தெரிந்துவிட்டால் ஏறும்போது நன்றாகவே ஏறும். தெரியாமலேயே ஐந்து வருஷம் ஓட்டியவர்களுக்கு ஏறாது. எனவே முதல் வேலையில் சம்பளத்தைவிட, எந்த சீனியரிடம் போடுகிறார்கள், எந்த வேலையைக் கையில் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்தி வைக்கிற பில்டர்களும் இருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற இன்ஜினியரைத் தனியாகப் பிடித்து ஒரு டீ குடித்தால் விவரம் வந்துவிடும்.

கல்லூரிகளுக்கு என் கோரிக்கை சின்னது. சிவில் துறைக்கென்று தனியாக ஒரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போடுங்கள். கடந்த பத்து பேட்ச்சில் துறையிலேயே இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். அரசின் டெண்டர் தளத்தில் உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த வேலைக்கு டெண்டர் போகிறது, யார் எடுத்தார்கள் என்று பார்க்கலாம். வேலை எடுத்தவருக்கு அடுத்த மாதம் ஆள் தேவை. அந்த ஆசிரியர் ஒரு போன் போட்டு, "சார், எங்க பசங்க நாலு பேர் ஆறு மாசம் உங்க சைட்ல இருக்கட்டும், பிடிச்சா எடுத்துக்கோங்க" என்று கேட்டால் மறுக்கிற கான்ட்ராக்டரை நான் பார்த்ததில்லை. நெல்லைப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் இதைத்தான் செய்கிறார், எங்களுக்கே இரண்டு பையன்களை அப்படி அனுப்பினார், இருவரும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள்.

ரெஸ்யூம் அனுப்புகிறவர்களுக்கு: ஆப்ஜெக்டிவ் என்று ஒரு பத்தி எழுதுவதை விட்டுவிடுங்கள், நாங்கள் படிப்பதில்லை. நீங்கள் கண்ணால் பார்த்து அளந்த வேலை ஏதாவது இருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள்: எந்த ஊர், என்ன கட்டிடம், எத்தனை சதுர அடி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள். அனுப்புவது ஜனவரியில் இருக்கட்டும். மார்ச்சுக்குள் அரசு வேலைகளுக்கு பில் போட்டு முடிக்க வேண்டும் என்பதால் பிப்ரவரியில் எல்லா ஒப்பந்த அலுவலகங்களிலும் அளவெடுக்க ஆள் பற்றாக்குறை இருக்கும், கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும் இருக்கிற பிள்ளைகளைத் தாராளமாக உள்ளே விடுவோம். மே மாதம் கூப்பிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.